கோல்ஃப் வண்டி: மோட்டர் இழுப்பதும் பிறேக் பிடிப்பதும்

விடுதி வளவுகளில் ஆள் ஏற்றி இறக்கும் மின் கோல்ஃப் வண்டிக்குக் கியர் மாற்றும் பெட்டியும் இல்லை, கிளச்சும் இல்லை. மோட்டரின் தண்டு பின் அச்சின் பல்லுச்சக்கரங்களோடு நேரே பூட்டப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் மோட்டர் ஏறக்குறைய 12 தரம் சுற்றச் சில்லு ஒரு தரம் சுற்றும். ஆகவே சில்லு உருண்டால், திறப்பு மூடியிருந்தாலும் மோட்டர் சுற்றியே தீரும். பிறேக் பிரச்சினைகள் சில இதை மறப்பதால் வருபவை.

மின்சாரம் போகும் வழி இப்படி: 36 அல்லது 48 வோல்ற் பற்றரித் தொகுதி, அதிலிருந்து சொலனொயிட் (சுருளில் மின்சாரம் பாய ஒட்டும் காந்தச் சுவிச்), பிறகு கன்ட்ரோலர், கடைசியில் மோட்டர். திறப்பைத் திருப்பிப் பெடலை மிதித்ததும் சொலனொயிட் ‘டிக்’ என்று ஒட்டி முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். கன்ட்ரோலர் அதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டி அனுப்பும். பெடலை மிதிக்க மிதிக்க ‘ஓன்’ ஆக இருக்கும் நேரம் கூடும், வண்டி வேகமெடுக்கும்.

வண்டி அசையாவிட்டால் முதலில் பற்றரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் ஈயப் பற்றரித் தொகுதி 48 வோல்ற் வண்டியில் 50.9 அளவும், 36 வோல்ற் வண்டியில் 38.2 அளவும் காட்ட வேண்டும். அது சரியென்றால் சொலனொயிட்டுக்குப் போங்கள். பெடலை மிதித்தும் ‘டிக்’ இல்லையென்றால் அதன் இரண்டு சிறிய முனைகளையும் அளவுங்கள். அங்கே மின்சாரம் வருகிறதென்றால் சுருள் போய்விட்டது. வராவிட்டால் திறப்புச் சுவிச், பெடல் சுவிச், அல்லது கன்ட்ரோலர் பக்கம் தேடுங்கள். ‘டிக்’ கேட்டும் ஓடாவிட்டால், பெடலை மிதித்தபடி இரண்டு பெரிய முனைகளுக்கிடையே அளவுங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். பல வோல்ற் காட்டினால் உள்ளே தொடுமுனை எரிந்திருக்கிறது. பெரிய முனைகளுக்குக் குறுக்கே பூட்டிய சிறு ரெசிஸ்டரையும் சோதியுங்கள். கன்ட்ரோலரின் கப்பாசிற்றரை முன்கூட்டி மெல்ல நிரப்புவது அதுதான். அது அறுந்திருந்தால் ஒவ்வொரு ஒட்டலிலும் பொறி பறந்து புதுச் சொலனொயிட்டும் விரைவில் தீயும். வண்டி ஓடியும் திக்கித் திக்கி ஊர்ந்தால், மோட்டர் முனையிலுள்ள வேக உணரியும் அதன் காந்தமும் இளகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த மோட்டர் என்று தெரிந்துகொள்வது அவசியம். பழைய சீரீஸ் மோட்டரில் (காந்தச்சுருளுக்கும் சுழலும் சுருளான ஆமேச்சருக்கும் ஒரே மின்சாரம் தொடராகப் போகும் வகை) முன்-பின் மாற்றும் பெரிய சுவிச் முழு மின்சாரத்தையும் தாங்கும். ஓடும்போது அதை மாற்றினால் தொடுமுனை கருகும். சுமையில்லாத சீரீஸ் மோட்டருக்கு முழு வோல்ற் கொடுக்கவே கூடாது. வேகம் கட்டுமீறி ஏறி ஆமேச்சர் சிதறும். பின் சில்லுகளைத் தூக்கி வைத்துப் பெடலை அமத்துவதும் அதே ஆபத்துத்தான். காந்தச்சுருளுக்குத் தனி மின்சாரம் போகும் வகையிலும் ஏசி மோட்டரிலும் திசை மாற்றுவதைக் கன்ட்ரோலரே செய்யும்; சுவிச் சிறியதாக இருக்கும்.

இந்த இரண்டு வகையும் பிறேக்காகவும் வேலை செய்யக்கூடியவை. பெடலை விட்டதும் சுழலும் மோட்டர் ஜெனரேற்றராகி மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பும், வண்டியின் வேகம் தணியும். ஆனால் அதை நம்பி நிற்பாட்டக் கூடாது. வேகம் குறையக் குறைய அந்தப் பிடி இளகும். பற்றரி முழுதாக நிறைந்திருக்கும்போது மின்சாரம் போய்ச்சேர இடமும் குறைவு. பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதென்றால் இருக்கைக்கு அடியிலுள்ள சுவிச்சை ‘ரோ’ (Tow, கட்டி இழுக்கும்) நிலைக்கு மாற்றி மெதுவாக இழுங்கள். மாற்றாமல் இழுத்தால் மோட்டர் எதிர்க்கும், கன்ட்ரோலரும் எரியலாம். சில ஏசி வண்டிகளில் மோட்டரின் முனையில் காந்தப் பிறேக் இருக்கும். அதைப் பிடிப்பது வில், விடுவிப்பது மின்சாரம். பற்றரி செத்தால் அந்த வண்டி பூட்டினபடியே நிற்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

யாழ்ப்பாணத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பின் சில்லு டிரம் பிறேக். நிலம் மட்டம், ஓட்டமும் மெதுவு. மோட்டரே வேகத்தைத் தணித்துவிடுவதால் டிரம்முக்கு வேலை குறைவு. காரைநகர், காங்கேசன்துறைப் பக்கத்து உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர, தேயாமலே கேபிளும் நெம்பும் துருப்பிடித்து இறுகும். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், கழற்றிப் பாருங்கள்.

திறப்பை மூடி, சுவிச்சை ‘ரோ’வில் வைத்து, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். கன்ட்ரோலர் முனைகளில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜக்கால் தூக்கித் தாங்கியில் இருத்தி, பார்க்கிங் பிறேக்கை விடுவியுங்கள். முதலில் சில்லு, அடுத்து சுரையைப் பூட்டும் கொட்டர் பின், சுரை, கடைசியில் டிரம் என்ற ஒழுங்கில் கழற்றுங்கள். டிரம் வர மறுத்தால் துருவிளக்கி அடித்து, போல்ற்றுகளுக்கிடையே மென்மையாகத் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வெடிக்கும். உள்ளே தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (டிரம்மில் உரசும் பிறேக் சூவின் மேற்பட்டை) அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

லைனிங் 1.6 மில்லிமீற்றருக்கு இறங்கியிருந்தால் இரண்டு சில்லுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். கிறீஸ் ஊறிய சூவைப் பெற்றோலால் கழுவிப் போடுவது வீண். ஊறினது திரும்ப மேலே வரும். அச்சு சீலையும் மாற்ற வேண்டும். கேபிளின் உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்து வில்லால் தானாகத் திரும்ப வேண்டும். சிக்கினால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் சோடியாக மாற்றுங்கள், ஒன்று மட்டும் புதிதானால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெடல் ஆழமாகப் போகிறதென்று கேபிளை முறுக்கி இறுக்குவதுதான் பலர் செய்யும் பிழை. சூ முழுதாகத் திரும்பினால்தான், தேய்வுக்கேற்ப இடைவெளியைச் சரிசெய்யும் தானியங்கி அட்ஜஸ்ரர் வேலை செய்யும். இறுக்கினால் சூ உரசிக்கொண்டே ஓடும், டிரம் கொதிக்கும், பற்றரியும் விரைவில் இறங்கும். அட்ஜஸ்ரரைக் கழற்றித் துப்புரவாக்கி, சூ தாங்கும் இடங்களில் மட்டும் கிறீஸை மெல்லிதாகப் பூசுங்கள். இரு கேபிளையும் இணைக்கும் குறுக்குத்துண்டு சரியாமல் நேராக நிற்க வேண்டும்.

பூட்டி முடித்ததும் மட்டமான நிலத்தில் பார்க்கிங் பிறேக்கைப் போட்டு இருவர் சேர்ந்து தள்ளுங்கள். இரண்டு பின் சில்லும் உருளாமல் தேய்ந்து இழுபட வேண்டும், மண்ணில் இரு தடமும் ஒரே நீளமாக விழ வேண்டும். ஒரு சில்லு உருண்டால் அந்தப் பக்கத்து டிரம்மைத் திரும்பக் கழற்றுங்கள், ஆள் ஏற்றாதீர்கள்.