டாக்பேக் குரல் மட்டும் மெலிதாகக் கேட்கிறதா? இப்படிச் சரிபாருங்கள்

"பாட்டு நன்றாகக் கேட்கிறது, ரிங்டோனும் சத்தமாக இருக்கிறது. டாக்பேக் மட்டும் முணுமுணுக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?" ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், அதாவது திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் படித்துச் சொல்லும் வசதி, பயன்படுத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனில் பாட்டுக்கு ஒரு வால்யூம், ரிங்டோனுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் டாக்பேக் குரலுக்கும் தனி வால்யூம் உண்டு. அதன் பெயர் ஆக்சஸிபிலிட்டி வால்யூம். எது குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு பாட்டைப் போடுங்கள்

பாட்டு சத்தமாகவும் டாக்பேக் மெலிதாகவும் இருந்தால் கோளாறு அமைப்புகளில்தான். இரண்டுமே மெலிதாகவோ கரகரப்பாகவோ இருந்தால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் முன்னால் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதும் நல்லது. சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கீயை அழுத்துங்கள்

பலர் தடுமாறும் இடம் இதுதான். டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும்போது வால்யூம் கீயை அழுத்தினால்தான் அதன் குரல் கூடும். பேச்சு நின்ற பிறகு அழுத்தினால் பாட்டின் வால்யூமோ ரிங்டோன் வால்யூமோ மாறும். "எத்தனை தடவை அழுத்தியும் ஏறவே மாட்டேன் என்கிறது" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

"பொத்தான்", "முகப்பு" என்று ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிட்டால் கீயை அழுத்த நேரம் கிடைக்காது. அதனால் நீளமான வாட்ஸ்அப் செய்தி ஒன்றையோ செய்திப் பக்கம் ஒன்றையோ திறந்துகொள்ளுங்கள். மூன்று விரல்களால் திரையை ஒருமுறை தட்டினால் டாக்பேக் மெனு வரும். பழைய பதிப்பாக இருந்தால், ஒரு விரலைக் கீழே இழுத்து, எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் இழுங்கள். மெனுவில் மேலிருந்து படிக்கச் சொல்லும் வசதி இருக்கும். அதை இருமுறை தட்டுங்கள். அது படித்துக்கொண்டே போகும்போது வால்யூம் ஏற்றும் கீயை விட்டுவிட்டு அழுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு வால்யூம் கீகளையும் சேர்த்து மூன்று நொடி அழுத்திப் பிடித்தால், அந்தக் குறுக்குவழி இயக்கத்தில் உள்ள போனில் டாக்பேக் நின்றுவிடும். குரல் அடியோடு காணாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மறுபடி அதேபோல் பிடித்தால் திரும்பி வரும்.

கீ ஒத்துழைக்கவில்லை என்றால்

வால்யூம் கீயை ஒருமுறை அழுத்தினால் திரையோரத்தில் சிறு பேனல் வரும். அதன் அடியில் உள்ள பொத்தானைத் திறந்தால் எல்லா வால்யூம்களும் வரிசையாக இருக்கும். போனுக்குப் போன் இடம் சற்று மாறும். ஆக்சஸிபிலிட்டி என்று சொல்லும் ஸ்லைடரில் நின்றுகொண்டு வால்யூம் கீயால் ஏற்றுங்கள்.

வீட்டில் பார்வையுள்ள யாராவது உதவ வந்தால், "இது தொல்லை" என்று முதலில் டாக்பேக்கை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அந்த ஸ்லைடரும் மறைந்துவிடும்! அப்புறம் இருப்பதை எல்லாம் முழுசாக ஏற்றிவைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். டாக்பேக் ஓடும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டு ஓடும்போது மட்டும் கேட்கவில்லையா?

டாக்பேக் அமைப்புகளில் ஒலி, அதிர்வு பற்றிய பகுதிக்குப் போய் ஆடியோ டக்கிங் என்பதை இயக்குங்கள். டாக்பேக் பேசும்போதெல்லாம் பாட்டின் சத்தம் தானாகத் தாழ்ந்து, பேசி முடித்ததும் ஏறும். யூடியூப் அதிகம் கேட்பவர்களுக்கு இது அவசியம் என்பேன்.

தமிழில் படிக்கும்போது மட்டும் மெலிதாகத் தோன்றினால் அது குரலின் தன்மையாக இருக்கலாம். எழுத்தைக் குரலாக மாற்றும் டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் வேறு தமிழ்க் குரல் இருந்தால் மாற்றிப் பாருங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் தெளிவு கூடும்.

ப்ளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். பையில் கிடக்கும் இயர்பட்ஸோடு போன் இணைந்திருந்தால் குரல் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

பாட்டும் மெலிதாக இருந்தால்

போன் உறையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கீழ் விளிம்பில் சார்ஜர் செருகும் இடத்தின் பக்கத்தில் விரலால் தடவினால் சிறு துளைகள் தட்டுப்படும். பல போன்களில் ஸ்பீக்கர் அங்கேதான். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஊசி, தண்ணீர் இரண்டும் வேண்டாம். ஆக்சஸிபிலிட்டி அமைப்பில் இடது, வலது ஒலிச் சமநிலை நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பிறகும் கரகரத்தால் சர்வீஸ் சென்டர்தான் வழி.

ஐபோன்காரர்களுக்கு

ஐபோனில் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவருக்கும் அதே விதிதான்: பேசும்போதே கீயை அழுத்த வேண்டும். ரோட்டரில் (இரண்டு விரல்களைத் திரையில் திருகித் தேர்ந்தெடுக்கும் வாய்ஸ்ஓவர் மெனு) வால்யூமைச் சேர்த்துக்கொண்டால் விரலை மேலும் கீழும் தள்ளியே மாற்றலாம். குரல் அடியோடு நின்றுபோனால் மூன்று விரல்களால் இருமுறை தட்டுங்கள். திரையைப் பெரிதாக்கும் ஜூம் வசதியும் இயக்கத்தில் இருந்தால் மும்முறை தட்ட வேண்டும்.