சத்தம் போடும் வாஷிங் மெஷின்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்ற முடிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங் மெஷின் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் எழுப்பத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “சரிசெய்ய எவ்வளவு ஆகும்?” என்பதுதான். முதல் தவறும் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. பம்புக்குள் சிக்கிய ஓர் ஊக்கு எழுப்பும் சத்தமும், டிரம்மின் பின்புறம் அதன் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையமான பேரிங் தேய்ந்துபோய் எழுப்பும் சத்தமும் அடுத்த அறையில் இருப்பவர் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். முன்னதைச் சரிசெய்யப் பெரும்பாலும் செலவே இல்லை. பின்னது அந்த இயந்திரம் வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்பதையே தீர்மானிக்கக்கூடியது. சத்தம் எழும் நேரத்தைக் கொண்டு பாகத்தையும், பாகத்தைக் கொண்டு செலவையும் அறிந்த பிறகு, அந்தச் செலவை இயந்திரத்தின் வயதோடு வைத்துப் பார்த்து முடிவெடுப்பதே முறை. இந்த வரிசை தலைகீழாகும்போது, இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. போயிருக்க வேண்டியவை ஆயிரக்கணக்கில் பணத்தை விழுங்கிக்கொண்டு வீட்டிலேயே நிற்கின்றன.

சத்தம் எப்போது வருகிறது என்று பார்க்காமல் மெக்கானிக்கை அழைப்பது

தண்ணீர் ஏறுவது, துவைப்பது, தண்ணீர் வெளியேறுவது, பிழிவது என ஒரு சலவைச் சுற்றில் பல கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இயங்கும் பாகங்கள் வேறு. தண்ணீர் ஏறும்போது மட்டும் ரீங்காரம் கேட்டால், குழாய் இணையும் இடத்திலுள்ள சிறு வலையில் மேல்நிலைத் தொட்டியின் மண்ணோ உப்புப் படிவமோ அடைத்திருக்கலாம். வலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்று சத்தம் வந்தால், ஃப்ரண்ட் லோடு இயந்திரங்களில் அடிப்புறச் சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான், நாணயம், ஹேர்பின், சேலையிலிருந்து கழன்ற ஊக்கு ஆகியவை அங்கேதான் வந்து சேரும். டாப் லோடு இயந்திரங்களில் துவைப்பு முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலி, வால்வைத் திறந்து பிரேக்கை விடுவிக்கும் இயல்பான ஒலி. அதைப் பழுது என்று எண்ணிப் பணம் கொடுப்பவர்களும் உண்டு.

துவைக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் வகைகளில் அடியில் சுழலும் பல்சேட்டருக்குக் கீழே ஏதேனும் சிக்கியிருக்கலாம். இல்லையென்றால் கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கலாம். ஒழுங்கற்ற இடைவெளியில் உலோகம் உரசுவதுபோல் கேட்டால், உள்ளாடையிலிருந்து வெளிவந்த கம்பியொன்று டிரம்முக்கும் அதைச் சூழ்ந்து தண்ணீரைத் தாங்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் மாட்டியிருக்க வாய்ப்புண்டு. பிழியும்போது வரும் சத்தத்தை மட்டும் இரண்டாகப் பிரித்துக் கேட்பது அவசியம். ‘தொம் தொம்’ என்று இடிப்பது சமநிலை குலைந்ததன் அறிகுறி: துணி ஒருபக்கம் குவிந்திருக்கலாம், தொட்டியின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரோ தொங்குகம்பியோ தளர்ந்திருக்கலாம், ஃப்ரண்ட் லோடு இயந்திரத்தில் அதிர்வைக் குறைக்கத் தொட்டியோடு பொருத்திய எடைக்கல்லைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றிருக்கலாம். வேகம் ஏற ஏற உறுமலாகத் தொடங்கி இரைச்சலாக வளரும் சத்தமோ பேரிங்கைச் சுட்டுகிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு உறுதிசெய்துகொள்ளலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, காலியான டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். வெளித்தொட்டியும் டிரம்மும் சேர்ந்தே அசைந்தால் கவலையில்லை, ஏனெனில் முழுத்தொட்டியும் ஸ்பிரிங்கில்தான் தொங்குகிறது. டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கையால் சுற்றும்போது வழுவழுப்பாக ஓடாமல் மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தாலும் அதே பொருள்தான். கூடவே சத்தத்தைக் கைப்பேசியில் காணொலியாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது. மெக்கானிக் வந்து நிற்கும் நேரத்தில் மட்டும் இயந்திரம் சாதுவாகிவிடுவது பலருக்கும் பழகிய கதை.

இடத்தின் குறையை இயந்திரத்தின் மீது சுமத்துவது

நம் வீடுகளில் வாஷிங் மெஷின் பெரும்பாலும் வைக்கப்படுவது சமையலறையை ஒட்டிய சர்வீஸ் ஏரியாவிலோ பால்கனியிலோதான். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக அந்தத் தரையை வாட்டத்தோடு அமைத்திருப்பார்கள். அந்த வாட்டத்தின் மேல், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டில், 60 கிலோவுக்கும் மேற்பட்ட ஃப்ரண்ட் லோடு இயந்திரம் ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு, அது நடுங்குகிறது என்று புகார் சொல்வது நியாயமில்லை. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் ஈரத் துணியைச் சுமந்துகொண்டு டிரம் ஒரு வினாடியில் 20 முறை சுற்றுகிறது. ஒரு கால் தரையில் சரியாகப் படியாவிட்டாலும் அந்த வேகம் முழுவதும் அதிர்வாக மாறும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்துக் கால்களைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, அவை மீண்டும் தளராதபடி லாக் நட்டை இறுக்கிவிட வேண்டும். பிறகு எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பார்த்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. புதிதாக வாங்கிய அல்லது வீடு மாற்றிக் கொண்டுவந்த ஃப்ரண்ட் லோடு இயந்திரம் முதல் நாளிலிருந்தே எகிறிக் குதித்தால், பயணத்தின்போது டிரம்மை அசையாமல் பிடித்திருக்கப் பின்புறம் பொருத்தப்படும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

துணி போடும் முறையும் இதில் அடங்கும். 7 கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. ஒரே ஒரு ஜமுக்காளத்தையோ கனத்த போர்வையையோ தனியாகப் போட்டால் அது நீரை உறிஞ்சி ஒருபக்கமாகச் சுருண்டுகொள்ளும். இயந்திரம் சமன்செய்ய மறுபடி மறுபடி முயன்று திணறும். அதனுடன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் போட்டாலே சத்தம் அடங்கிவிடுவதும் உண்டு.

பேரிங் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டுவது

செலவு மிகுதியாகும் தவறு இதுதான். ஃப்ரண்ட் லோடு இயந்திரத்தில் டிரம்மின் தண்டு வெளித்தொட்டியின் பின்சுவர் வழியாக இரண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. தொட்டித் தண்ணீர் அவற்றை எட்டாதபடி ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் தடுக்கிறது. பேரிங் பெரும்பாலும் தானாகத் தேய்வதில்லை. முதலில் சீல் இறுகிக் கசியும், சோப்புக் கரைசல் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவும், அதன்பிறகே குண்டுகள் துருப்பிடித்துச் சத்தமிடும். தொட்டியின் பின்பகுதியில் பழுப்பு நிறத்தில் துருநீர் வழிந்த தடம் தெரிந்தால் இது நடந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

இந்த நிலையில் சீலையும் இரண்டு பேரிங்குகளையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. தள்ளிப்போட்டால் தண்டில் சீல் அமரும் இடம் அரித்துப் பள்ளமாகும். பிறகு எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் கசிவு நிற்காது. டிரம்மின் பின்புறத்தைத் தாங்கும் முக்கை வடிவ அலுமினியச் சட்டம், உப்புநீரும் சோப்புப் படிவும் சேர்ந்து ஏற்கெனவே அரித்திருக்கும் நிலையில், இந்த ஆட்டத்தால் விரிசல் விடலாம். தளர்ந்த டிரம் வெளித்தொட்டியில் உரசி அதையும் கெடுக்கலாம். தொடக்கத்தில் இரண்டு பேரிங்கும் ஒரு சீலுமாக இருந்த செலவு, டிரம்மோடு சேர்த்து மாற்ற வேண்டிய செலவாக வளர்வது இவ்வாறே.

சத்தம் வரும் இடத்தில் எண்ணெய் தெளிப்பது தற்காலிகத் தீர்வுகூட இல்லை. மூடிய பேரிங்குக்குள் அந்த எண்ணெய் போவதும் அரிது; போனாலும் எஞ்சியிருக்கும் கிரீஸை இளக்கிவிடும். பேரிங்கை மட்டும் மாற்றி, ‘சீல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பழையதையே திரும்பப் பொருத்தும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுப்பதும் இதே ரகம்தான்: சீல் நன்றாக இருந்திருந்தால் பேரிங் போயிருக்காது.

மதிப்பீட்டைச் சரியாகக் கேட்காமல் ஒப்புக்கொள்வது

“பேரிங் போய்விட்டது, இவ்வளவு ஆகும்” என்று சொல்லப்பட்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி, பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா, முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டுமா என்பது. சில மாடல்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் திருகுகளால் இணைக்கப்பட்டிருக்கும். பிரித்து வேலை பார்க்கலாம். வேறு சில மாடல்களில் அவை ஒன்றாக உருக்கி ஒட்டப்பட்டவை. அவற்றுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் முழுத் தொட்டியைத்தான் பரிந்துரைக்கும். அந்தத் தொகை புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கக்கூடும். தேர்ந்த வெளி மெக்கானிக்குகள் சிலர் ஒட்டிய தொட்டியையும் அறுத்துத் திறந்து, பேரிங் மாற்றி, பசையும் திருகும் போட்டு மூடித் தருகிறார்கள். வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதித் தரச் சம்மதிப்பவரிடம் மட்டும் இதைக் கொடுக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணும் புதியதில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது எளிது.

வாரண்டி விஷயத்தில் ஏமாற்றம் அடைபவர்கள் மிகப் பலர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 10 ஆண்டு வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே உரியது. பேரிங், சீல், ஷாக் அப்சார்பர், பம்ப் எதுவும் அதில் அடங்காது. மோட்டாரே போனாலும் வருகைக் கட்டணமும் வேலைக்கூலியும் தனியாகக் கேட்கப்படலாம். வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு அழைப்பது நல்லது. அழைக்க வேண்டிய எண்ணையும் அந்த அட்டையிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் தென்படும் ‘கஸ்டமர் கேர்’ எண்கள் போலியாக இருப்பது சாதாரணமாகிவிட்டது. உதிரிபாகம் கொடுக்க மறுப்பது, வாரண்டிக்குள் கட்டணம் கேட்பது போன்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தில் பங்கேற்கும் நிறுவனங்களின் சர்வீஸ், வாரண்டி விவரங்களும் கிடைக்கின்றன.

‘பாதி விலை’ என்ற கணக்கை மட்டும் நம்புவது

பழுதுச் செலவு புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்ற பொதுவிதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது வசதியான விதி; இயந்திரத்தின் வயதைக் கணக்கில் எடுக்காத விதியும்கூட. புதியது 30,000 ரூபாய், பத்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகிறது. பழுதுபார்க்க 9,000 ரூபாய் என்றால், பழைய இயந்திரம் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடினால்தான் அந்தச் செலவு லாபம். ஐந்து வயது இயந்திரம் அவ்வாறு ஓடும் என்று தயங்காமல் எதிர்பார்க்கலாம். பதினோரு வயது இயந்திரத்தில் பேரிங் மாற்றிய அடுத்த ஆண்டே இயந்திரத்தை இயக்கும் மின்னணு போர்டு போகலாம், கதவு ரப்பர் கிழியலாம். 9,000 என்பது 30,000-இல் பாதிகூட இல்லை என்றாலும் அங்கே அது வீண்செலவு.

வகையும் முக்கியம். செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார் எனப் பாகங்கள் தனித்தனியாக இருப்பதாலும், எந்த ஊரிலும் உதிரிபாகமும் ஆளும் கிடைப்பதாலும், உடல்பகுதி உடையாதவரை பழுதுபார்ப்பதே பெரும்பாலும் சிக்கனம். டாப் லோடில் தொங்குகம்பி, பெல்ட் போன்றவை சிறு செலவுகள். கியர் பாக்ஸ் முழுவதும் மாற்ற வேண்டுமென்றால் மட்டும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃப்ரண்ட் லோடில் அலுமினியச் சட்டம் முறிந்து, தொட்டியும் ஒட்டியதாக இருந்தால், அல்லது அடித்தகடு துருப்பிடித்து ஷாக் அப்சார்பரைப் பிடித்துக்கொள்ள இடமே இல்லாமல் போயிருந்தால், யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால், எக்ஸ்சேஞ்ச் தொகையைக் கேட்பதற்கு முன், பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று கேட்க வேண்டும். சில கடைகளில் இரண்டுக்குமான வித்தியாசம் மிகச் சிறியது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்காவிட்டால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம். புதிய இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்பே அது நிற்கப்போகும் தரையின் வாட்டத்தைச் சிமெண்ட் மேடை கட்டிச் சமன்செய்துவிடுங்கள். பொருத்த வருபவர் கழற்றும் டிரான்சிட் போல்ட்டுகளை அவரிடமே விட்டுவிடாமல் வாங்கி, வாரண்டி அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வீடு மாற்றும்போது அவை தேவைப்படும்.