இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிடலாம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் தப்பாகத்தான் வரும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு. நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்லும் விமானம் வடக்கே வளைந்து நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போவது அதனால்தான்.

முதலில் இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். நகரத்தினுடையது போதாது, விமான நிலையத்தினுடையதையே எடுங்கள். ஜேஎஃப்கே (நியூயார்க் விமான நிலையம்): வடக்கு 40.64, மேற்கு 73.78. ஹீத்ரோ (லண்டன் விமான நிலையம்): வடக்கு 51.47, மேற்கு 0.45. மேற்கையும் தெற்கையும் கழித்தல் குறியோடு எழுதுங்கள். 40 பாகை 38 கலை என்பது 40.38 அல்ல, 40.63, கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அட்சரேகை வித்தியாசத்தில் பாதி 5.415 பாகை, அதன் சைனின் வர்க்கம் 0.0089. தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதி 36.665, அதன் சைன் வர்க்கம் 0.3566. இதை இரு அட்சரேகைகளின் கோசைன்களால் (0.7588, 0.6229) பெருக்கினால் 0.1685. இரண்டையும் கூட்டினால் 0.1774. வர்க்கமூலம் எடுத்து, தலைகீழ் சைனை ரேடியனில் (பாகையைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) கண்டு, 12,742-ஆல் (புவியின் சராசரி விட்டம், கி.மீ.) பெருக்குங்கள்: சுமார் 5,540 கி.மீ. விரிதாளில் போடுவதாக இருந்தால் பாகைகளை முதலிலேயே ரேடியனாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் விடை அர்த்தமே இல்லாமல் வரும். புவி சரியான கோளம் இல்லை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம். கடல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுக்கவும்.

தூரம் மாறாது, நேரம் மாறும். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. பறக்கும். அட்லாண்டிக் மேல் ஜெட் காற்று (மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. பின்காற்று 100 கி.மீ. என்றால் 5,540-ஐ 1,000-ஆல் வகுங்கள்: 5 மணி 32 நிமிடம். எதிர்க்காற்றில் 800-ஆல்: 6 மணி 55 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் 30 முதல் 45 நிமிடம் சேருங்கள். கால அட்டவணையில் தாமதத்துக்கென இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள்.

வான்வெளி மூடப்பட்டால் இந்தக் கணக்கு அடியோடு மாறும். 2022-ல் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி அளவுக்கு நீண்டது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். இரண்டையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு 7 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 7 மணிக்கு இறங்கினால் பயணம் 12 மணி அல்ல, 7 மணிதான். இந்த 5 மணி வித்தியாசமும் வருடம் முழுக்க நிலைக்காது: அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையும் அப்படியே.