லோரா போர்டின் ஒல்லித் தடம்

சேரன்மகாதேவி வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போட ஒரு லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் ரேடியோ) போர்டு வாங்கினேன். உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். வாய்க்காலைத் தாண்டினாலே சிக்னல் போய்விடும். நானோவிஎன்ஏவில் (ஆன்டெனா சோதிக்கும் சின்னக் கருவி) ஆன்டெனாவைத் தனியாகப் பார்த்தால் சரி. ரேடியோ மாட்யூல் பக்கமிருந்து பார்த்தால் ரிட்டர்ன் லாஸ் (சக்தி எவ்வளவு குறைவாகத் திரும்புகிறது என்ற அளவு; கூடக் கூட நல்லது) வெறும் 4 டெசிபெல். இரண்டுக்கும் நடுவே ஓடிய 3 செ.மீ. செப்புத் தடம் தலைமுடி மாதிரி ஒல்லி.

1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) பலகையில், அடியில் முழுக்க கிரவுண்டு செப்பு இருந்தால், மாட்யூலும் ஆன்டெனாவும் எதிர்பார்க்கும் 50 ஓம் மின்மறுப்புக்குத் தடம் ஏறக்குறைய 3 மி.மீ. அகலம் வேண்டும். ஒல்லியானால் 100 ஓமைத் தாண்டும், சக்தி திரும்பி வரும். இந்த அதிர்வெண்ணில் பலகைக்குள் அலைநீளமே சுமார் 19 செ.மீ.தான், அதனால் 3 செ.மீ. தடத்தையும் வெறும் கம்பியாக நினைக்க முடியாது.

பச்சைப் பூச்சைச் சுரண்டி, 3 மி.மீ. செப்பு டேப்பை ஒட்டி, நீளம் முழுக்க ஈயம் வைத்தேன். பார்க்க அசிங்கம்தான். ரிட்டர்ன் லாஸ் 17 டெசிபெல். அப்புறம் மோட்டார் சொன்னபடி கேட்கிறது.