ரயிலடியில் இரண்டு பேர்: ஒரு காதல் குறும்படத்தை ரயில் நிலையத்தில் எடுக்கும் முறை

விட்டோரியோ டி சிகா 1953-இல் வெளியிட்ட ‘ஸ்டாட்சியோனே டெர்மினி’ கிட்டத்தட்ட முழுவதும் ரோம் நகரின் பெரிய ரயில் நிலையத்துக்குள்ளேயே நடக்கும் படம். ஊர் திரும்ப வண்டியேற வந்த அமெரிக்கப் பெண்ணாக ஜெனிஃபர் ஜோன்ஸ். அவளை நிறுத்தப் பார்க்கும் இத்தாலிய இளைஞனாக மான்ட்கோமரி கிளிஃப்ட். டி சிகாவின் பிரதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அமெரிக்காவுக்காக அதைச் சுமார் ஒரு மணி நேரமாக வெட்டி, பெயரையும் மாற்றினார். வெட்டுப்பட்டதில் பெரும்பங்கு நிலையத்தில் வந்துபோகும் மற்ற மனிதர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நீளமானதில் காதலர்களைச் சுற்றி ஒரு ஊரே நகர்கிறது. குட்டையானதில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடலூரிலோ புதுச்சேரியிலோ இந்த மாதிரிக் கதையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடப் படமாக எடுக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: நிலையத்தை வெறும் பின்னணியாக நினைத்தால் படம் செத்துவிடும்.

எந்த நிலையம்?

கதையை எழுதும் முன் நிலையத்தை முடிவு செய்யுங்கள். புதுச்சேரி கடைசி நிலையம், தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. வந்த வண்டி நின்று, பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். அதனால் காலிப் பெட்டிகள் நடைமேடையில் நிற்கும் நேரம் கிடைக்கும். இறங்கியும் வெளியே போக மனமில்லாமல் நிற்கும் ஒருவர், புறப்பட இன்னும் நேரமிருக்கும் வண்டியில் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்ற கதைக்கு அது பொருத்தம்.

கடலூர் துறைமுகம் சந்திப்பு வேறு ரகம். ஒரு தடம் சிதம்பரம், மயிலாடுதுறை பக்கம் போகிறது. இன்னொன்று நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை இரண்டு திசைக்கு அனுப்பலாம். இதைச் சொல்ல இரண்டு வரி வசனம் போதும்:

“ஏங்க, நெய்வேலி போற வண்டி இங்கதானே வரும்?”
“தெரியலீங்க. நான் சிதம்பரம் போறேன்.”

பிரியப்போகிறவர்கள் என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிட்டது. இதற்குமேல் யாரும் விளக்க வேண்டாம். ஊருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் நிலையம் கூட்டமுள்ள காட்சிக்கு நல்லது, பேச்சுக் காட்சிக்குச் சிரமம்.

பேச்சை எழுதும்போது

புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நிமிடத்திலேயே இருவரையும் பெயர் சொல்ல வைப்பது. நம் ரயிலடியில் யாரும் பெயர் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், வண்டியைக் கேட்பார்கள், பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் முன்பின் தெரியாத ஆணிடம் சட்டென்று பெயர் சொல்லமாட்டாள். பெயர் கடைசிவரை வராமலே போனாலும் குறையில்லை.

பேச ஒரு காரணம் வேண்டும், அதுவும் கையில் பிடிக்கிற பொருளாக இருந்தால் நல்லது. சுவரில் ஒரே ஒரு வேலை செய்யும் பிளக், இருவர் கையிலும் சார்ஜர். அவளுடைய போன் 9 சதவீதம், அவனுடையது 4. யார் முதலில் எடுப்பது, எவ்வளவு நேரம் விட்டுக்கொடுப்பது என்பதிலேயே மூன்று நிமிடக் காட்சி ஓடும். ‘நீங்க’ என்ற மரியாதை எந்த இடத்தில் தளர்கிறது, அல்லது தளரவே இல்லையா என்பதைத் திரைக்கதையிலேயே குறித்துவையுங்கள். நடிகர் கையில் விட்டால் ஒவ்வொரு டேக்கிலும் மாறும், எடிட்டிங்கில் ஒட்டாது.

வண்டி நேரத்தை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். 6.10-க்கு வண்டி என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு மௌனத்துக்கும் கனம் ஏறும். கூடவே வந்துபோக ஐந்தாறு பேரை எழுதுங்கள்: பெட்டி எண் கேட்டு ஓடுகிறவர், வழியனுப்ப வந்து ஜன்னல் கம்பியை விடாத அம்மா, சுண்டல் விற்பவர். இவர்களில் ஒருவராவது அந்த இருவரின் பேச்சை நடுவில் உடைக்க வேண்டும்.

அனுமதி

நடைமேடைச் சீட்டு உள்ளே நிற்பதற்கு மட்டும்தான், படம் எடுப்பதற்கு அல்ல. தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவுக்குத் திரைக்கதை, நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, கருவிப் பட்டியல் இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றிய அரசின் திரைப்பட வசதி அலுவலக (இப்போது ‘இந்தியா சினி ஹப்’) இணையதளம் வழியாகவும் போகலாம். கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும். கடிதம் வந்ததும் ஒரு நகலை நிலைய மேலாளரிடமும் இன்னொன்றை ரயில்வே பாதுகாப்புப் படையிடமும் படப்பிடிப்புக்கு முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பணியில் இருப்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால் காலை நேரம் முழுக்க வீணாகும்.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பு அலுமினியமானாலும் கார்பனானாலும் மின்சாரம் கடத்தும். நடைமேடை ஓரத்தில் கம்பைத் தலைக்குமேல் தூக்கவே கூடாது. எதிர் நடைமேடைக்குப் போக மேம்பாலம்தான், தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேமரா

நொடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்), ஷட்டர் 1/50, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. 1/50-இல் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழுவதால் திரை துடிக்காது. 1/60 வைத்தால் சுவரில் கருப்புப் பட்டை ஊரும். போனில் எடுப்பவர்கள் ஷட்டரைப் பூட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள். பெட்டி எண் காட்டும் எல்இடி பலகை இதற்கும் அடங்காமல் போகலாம், பத்து நொடி சோதனை எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கேமரா நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டால், நீலப் பெட்டி கடந்துபோகும்போது முகத்தின் நிறமே மாறும். ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள்.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. ஏசி அறையில் இருந்த லென்ஸை வெளியே எடுத்த உடனே ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள், தானாகச் சரியாகும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டி வருவதற்கு இரண்டாவது டேக் கிடையாது. எனவே வண்டி வரும் காட்சியை நடிகர்களோடு ஒரு நாளும், நடிகர்கள் இல்லாமல் முந்தைய நாள் அதே நேரத்திலும் எடுத்துவையுங்கள். வண்டி திரையில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரு ஷாட்டை எதிர்ப் பக்கமிருந்து எடுத்துவிட்டால், அவள் ஏறிய வண்டியே திரும்பி வருவது போலத் தெரியும். கூட்டம் கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க, எதிர் நடைமேடையிலிருந்து 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுப்பது பலன் தரும்.

வண்டி இல்லாமல் வண்டி

நெருக்கமான முகக் காட்சிகளுக்கு நிலையமே தேவையில்லை. ஒரு வராந்தா, ஒரு பெஞ்ச் போதும். 6 அடி தெர்மகோல் பலகையில் 8 அங்குல அகலத்தில் நான்கு ஜன்னல்கள் வெட்டுங்கள், இடையில் 10 அங்குலம் விடுங்கள். சிறிய எல்இடி விளக்கு ஒன்றை நடிகரிடமிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். பலகையை முகத்துக்கு 2 அடி பக்கத்தில், பிரேமுக்கு வெளியே, ஒரு மேசை விளிம்பின்மேல் சாய்க்காமல் தள்ளிக்கொண்டு போங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடும். விளக்கு பலகைக்கு அருகில் வந்தால் விளிம்பு கலங்கிவிடும். கையில் தூக்கி ஓடினால் வெளிச்சம் குதிக்கும், பார்த்தவுடன் பொய் தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு ஒரு நொடி முன்பே மேசை விசிறியை ஓட விடுங்கள், தலைமுடி அசைந்தால்தான் கண் நம்பும்.

ஒலி

நடைமேடையில் பேச்சுக்குக் காலர் மைக்தான் சரி. பருத்தித் துணிக்குள் ஒட்டுங்கள், பட்டும் பாலியஸ்டரும் உரசும். அறிவிப்பு ஓடும்போது வசனம் எடுக்காதீர்கள், அதை வெட்டவே முடியாது. அறிவிப்பு, சக்கரச் சத்தம், டீக்கடை, ஆளில்லா நடைமேடையின் வெறும் இரைச்சல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

எடிட்டிங்கில் ஒவ்வொரு ஷாட்டிலும் பின்னால் கடிகாரம் தெரிகிறதா என்று நிறுத்திப் பாருங்கள். 6.10 வண்டிக்குக் காத்திருப்பவர் பின்னால் 4.35 ஒளிர்ந்தால் அதைத் திரையில் மறைக்க வேண்டிவரும். நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, அந்த ஷாட்டுக்கு மாற்றாகக் கடிகாரம் படாத கோணத்தில் ஒன்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.