வரவீணா கீதத்தை வைத்துக் கற்பனைஸ்வரம் பாடத் தொடங்குவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கங்களில் வாய்ப்பாட்டுக் கற்பவர்கள் வர்ணம் வரை வந்தபின் என்னிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "மனோதர்மத்தை எங்கிருந்து தொடங்குவது?" என்பதுதான். மனோதர்மம் என்பது பாடும்போதே சொந்தக் கற்பனையில் இசையை அமைப்பது. ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைஸ்வரம், விருத்தம் என மனோதர்மத்துக்குப் பல பிரிவுகள் உண்டு. இராகத்தைச் சொல்லின்றி விரிக்கும் ஆலாபனையில்தான் தொடங்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான், தாளத்துக்குள் ஸ்வரங்களைத் தாமே கோத்துப் பாடும் கற்பனைஸ்வரத்தையே முதலில் வைப்பேன். ஆலாபனைக்குத் தாளம் இல்லையாதலால், வழி தவறினாலும் தொடக்க மாணவருக்கு அது தெரியாமல் போய்விடலாம். கற்பனைஸ்வரத்திலோ, பாட்டின் எடுப்புக்கு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு, சரியாக வந்து சேர்ந்தோமா இல்லையா என்பதைக் கையில் போடும் தாளமே உடனுக்குடன் சொல்லிவிடும். எடுப்புக்குத் திரும்பக் கற்பதே மனோதர்மத்தின் முதற்பாடம் என்பது என் உறுதியான கருத்து.

இராகமும் சுருதியும்

மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆவது மேளமான (தாய் இராகமான) ஹரிகாம்போதியில் பிறந்த இந்த இராகத்தில் ஸ, ரி, க, ப, த (ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம்) என்னும் ஐந்து ஸ்வரங்களே உள்ளன. மத்தியமமும் நிஷாதமும் இல்லை. தோடி, சஹானா, பேகடா போன்றவற்றில் ஸ்வரங்களை அறிந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கே உரிய பிடிகளும் (தனித் தொடர்களும்) கமகங்களும் (ஸ்வர அசைவுகளும்) குரலில் ஊறியிருக்க வேண்டும் என்பதால், அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. மோகனத்தில் ஸ்வரங்களை வரிசையாகப் பாடினாலும் இராகத்தின் சாயல் பெரும்பாலும் கெடுவதில்லை.

பெண்கள் பொதுவாக ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையிலும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு), ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும் சுருதி வைத்துக்கொள்ளலாம். சோமனூர், பல்லடம் பகுதிகளில் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுவதால் சுருதிப்பெட்டியின் ஒலி அமுங்கிவிடும்; அத்தகைய வீட்டில் கைபேசியின் தம்புரா ஒலியை ஒரு காதில் மட்டும் செவிப்பொறி வழியாகக் கேட்டுக்கொண்டு, மற்றக் காதைத் தம் குரலுக்காகத் திறந்து வைத்துப் பாடுவது பயன் தரும். ஐந்து ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாக, ஒரு மூச்சு முழுவதும் நீட்டி, அகாரத்தில் ("ஆ" என்னும் ஒலியில்) பாடிய பிறகே தாளத்தைத் தொடங்குங்கள்.

தாளமும் எடுப்பும்

மோகனத்தில் நாம் எல்லோரும் பாடம் செய்திருக்கும் "வரவீணா" கீதம் ரூபக தாளத்தில் அமைந்தது. கச்சேரியில் கீதத்துக்குக் கற்பனைஸ்வரம் பாடுவது வழக்கமில்லை என்றாலும், பயிற்சிக்கு இதைவிட எளிய களம் எனக்குத் தெரியவில்லை. ரூபகத்தை இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாகச் சுருக்கிப் போடாமல், ஒரு தட்டு, ஒரு வீச்சு, பிறகு ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் என ஆறு அட்சரங்களையும் (தாள எண்ணிக்கைகளையும்) முழுமையாகப் போடுங்கள். கீதத்தின் முதல் இரண்டு ஆவர்த்தனங்கள், அதாவது முழுத் தாளச் சுற்றுகள், இவை (மேல்ஸ்தாயி ஸட்ஜத்தை ஸ' என்றும், ஓர் அட்சர நீட்சியைக் காற்புள்ளியாலும் குறித்திருக்கிறேன்):

க க | ப , ப ,
த ப | ஸ' , ஸ' ,

"வர" என்னும் எடுப்பு காந்தாரத்தில், தாளத்தின் முதல் தட்டிலேயே விழுகிறது. ஆகவே நாம் பாடும் ஸ்வரக் கோவையின் கடைசி ஸ்வரம் காந்தாரத்துக்கு அண்டை ஸ்வரமாக இருக்க வேண்டும். மோகனத்தில் மத்தியமம் இல்லையாதலால், காந்தாரத்துக்குக் கீழே ரிஷபமும் மேலே பஞ்சமமுமே அண்டை ஸ்வரங்கள். இவ்விரண்டில் ஒன்றில் முடித்தால் குரல் தானாகவே "வரவீணா"வுக்குள் இறங்கும்; மேல் ஸட்ஜத்தில் முடித்துவிட்டுக் காந்தாரத்துக்குத் தாவினால் தொடக்க மாணவர் தாளத்தையோ சுருதியையோ நழுவவிடக்கூடும்.

ஓர் ஆவர்த்தனம்

முதலில் கீதத்தின் முதல் இரண்டு ஆவர்த்தனங்களைப் பாடி, அடுத்து ஓர் ஆவர்த்தனம் மட்டும் ஸ்வரம் பாடி, மீண்டும் "வரவீணா"வை எடுங்கள். ஓர் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்றால் ஆறு ஸ்வரங்கள்.

ஸ ரி | க ப க ரி
க ப | த ப க ரி
த ஸ' | த ப க ரி
ப க | ரி , ஸ ரி
ஸ ரி | க ப த ப

இவற்றை மனப்பாடம் செய்வது தவறில்லை, தேவையும்கூட. கையிருப்பில் சொற்களே இல்லாத ஒருவரால் பேச இயலாது. கற்பனை என்பது இராகத்தின் தொடர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, பின்பு அவற்றை மாற்றிக் கோப்பதில்தான் தொடங்குகிறது. இந்த ஐந்தும் தடையின்றி வந்த பிறகு, முதல் மூன்றின் முடிவில் உள்ள "க ரி"யை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு முன்னுள்ள நான்கு ஸ்வரங்களை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். அந்த நான்கு ஸ்வரங்களே உங்களுடைய முதல் கற்பனை. நீங்கள் அறிந்த மோகன வர்ணத்தின் முக்தாயி ஸ்வரத்திலிருந்தும் (அதில் ஸ்வரமாகவே வரும் ஒரு பகுதியிலிருந்தும்) சிறு துண்டுகளை எடுத்து இந்த அளவுக்குள் பொருத்திப் பார்க்கலாம்.

இந்தப் படியில் அவசரம் கூடாது. நாள்தோறும் இருபது நிமிடம் இதை மட்டுமே பாடுங்கள். பாடியதைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டால், எந்த இடத்தில் கை தயங்குகிறது என்பது தெளிவாகப் புலப்படும். கை தயங்குமிடத்தில் ஸ்வரத்தைக் குறைத்துக் கார்வையை (ஒரே ஸ்வரத்தில் நிற்பதை) நீட்டுவதே தக்க வழி.

நீட்டலும் இரண்டாம் காலமும்

இரண்டு ஆவர்த்தனத்துக்கு நீட்டும்போது, முதல் ஆவர்த்தனத்தின் இறுதியை மேல் ஸட்ஜம் போன்ற ஒரு ஸ்வரத்தில் நிறுத்தி மூச்செடுத்து, இரண்டாவதில் கீழிறங்குங்கள்:

க க | ப த ஸ' ,
த ப | க ரி ஸ ரி

இரண்டாம் காலத்தில், அதாவது ஓர் அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம் பாடும்போது, ஓர் ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு ஸ்வரங்கள் வரும். தாளத்தின் வேகத்தை மாற்றாமல் "கபதஸ' தபகப தபகரி" என்று பாடிப் பழகுங்கள். "கபகரி" என்பதை மூன்று முறை பாடினாலும் அதே பன்னிரண்டு நிரம்பி, மிக எளிய தீர்மானம் (முத்தாய்ப்பு) ஒன்று கிடைத்துவிடும். பெரிய கோர்வைக் கணக்குகள் இந்நிலையில் வேண்டாம். கணக்கில் மனம் சென்றால் இராகம் மறந்துபோகும்.

ஆலாபனையும் விருத்தமும்

ஸ்வரமாகப் பழகிய அதே தொடர்களை ஸ்வரப் பெயர் இல்லாமல் அகாரத்திலும் "ததரின்ன" என்னும் அசைகளிலும் பாடினால் ஆலாபனைக்கான வாசல் திறக்கும். காந்தாரத்தில் நின்று, பஞ்சமத்தில் நின்று, மேல் ஸட்ஜத்தைத் தொட்டுத் திரும்பும் மூன்று நிலைகள் தொடக்கத்துக்குப் போதும். பேரூரிலும் அவிநாசியிலும் திருவிழாக் காலத்தில் கேட்கும் நாகஸ்வரத்தைக் கவனித்துக் கேளுங்கள். சொல்லின் துணையின்றி இராகம் எப்படி விரிகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

விருத்தத்துக்கு, அதாவது ஒரு செய்யுளைத் தாளமின்றி இராகத்தில் விரித்துப் பாடுவதற்கு, கந்தர் அலங்காரப் பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னிமலையும் மருதமலையும் பழனியும் அருகிருக்க வளர்ந்தவர்களுக்கு அவற்றில் சிலவேனும் மனப்பாடமாக இருக்கும். சொல்லைப் பொருள் சிதையாமல் பிரித்து, ஒவ்வோர் அடியையும் ஒரு நிலை ஸ்வரத்தில் முடியுங்கள். தேவாரத்தை இதற்கு எடுக்க வேண்டாம் என்பேன். சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்துக்குப் பழம்பஞ்சுரம் என்று பண் வகுக்கப்பட்டிருப்பதுபோல், அந்தப் பதிகங்களுக்கு உரிய பண்கள் உண்டு. ஓதுவார்கள் காத்துவரும் அந்த முறையைப் பயிற்சிக்காக மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

பாட்டின் ஒரு வரியையே மாற்றி மாற்றி விரித்துப் பாடும் நிரவலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அடுத்ததாக, ஆதி தாளத்தில் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கும் மோகனப் பாட்டு ஒன்றை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பெற்று, எட்டு அட்சரங்களுக்கு இதே முறையில் பாடிப் பாருங்கள். அது பழகிய பின், சமம் தள்ளி எடுக்கும் பாட்டுக்குச் செல்லலாம். அங்கே ஸ்வரக் கோவை ஆவர்த்தனத்தின் முடிவோடு நிற்காமல் எடுப்பு இடம் வரை நீள வேண்டும் என்பதால், மிருதங்கம் கற்கும் ஒருவரை உடன் வாசிக்க அழைத்துக்கொள்ளுங்கள்.