மரப் பெல்லட் பாய்லர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டுக்கு மாறிய வீடுகள் ஏராளம். ஏறக்குறைய இரண்டு கிலோ பெல்லட், ஒரு லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும். நல்ல எரிபொருள்தான். ஆனால் எண்ணெயைப் போலவே இதையும் கையாண்டால் சிக்கல்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. பெல்லட் கிடங்குக்குள் சட்டென்று நுழையாதீர்கள். தீ வைக்காத மரத்திலிருந்து என்ன வரப்போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மரத்திலுள்ள, அதிலும் பைன் மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்குகின்றன. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூடவே அறையின் ஆக்சிஜனும் குறைகிறது. 2010இல் ஜெர்மனியிலும் 2011இல் சுவிட்சர்லாந்திலும் பெல்லட் கிடங்குக்குள் போனவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். புதுச் சரக்கு வந்து இறங்கிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். கிடங்குக்கு வெளிக்காற்று வந்து போகும் வழி கட்டாயம் வேண்டும். நுழைவதற்கு முன் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள்; வாயுவை அளக்கும் கருவி கையில் இருக்கட்டும்; வெளியே ஒருவர் நிற்கட்டும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடாதீர்கள். அப்படி ஓடுகிறவரும் விழுந்துவிடுவார். உடனே அவசர உதவியை அழையுங்கள்.

அப்புறம் ஈரம். பெல்லட் தண்ணீரைக் குடித்தால் ஊதிப் பெருத்து மறுபடியும் தூளாகிவிடும். பாய்லருக்கு எடுத்துச் செல்லும் திருகுக்குழாய் அடைத்துக்கொள்ளும். சுவர் ஓதம் அடிக்கும் நிலவறையில் கொட்டி வைக்கவே கூடாது. விலை மலிவு என்று தரம் தெரியாத சரக்கையும் வாங்காதீர்கள். பெல்லட்டுக்கான தரச்சான்றான இஎன்பிளஸில் (ENplus) ஏ1 தரம் என்றால் ஈரப்பதம் 10 சதவீதத்தையும், சாம்பல் 0.7 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. சரக்கை இறக்கும் முன் பாய்லரை நிறுத்தவும் மறக்க வேண்டாம்.

பாய்லரின் அளவில்தான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். பழைய எண்ணெய் பாய்லர் எத்தனை கிலோவாட்டோ அதே அளவில் புதியதையும் கேட்கிறார்கள். இடையில் ஜன்னல் மாற்றி, சுவருக்கு வெப்பக்காப்புப் போட்டிருப்பார்கள். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேவைக்குப் பெரிய பாய்லர் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் அரைகுறையாக எரிந்து கரியும் புகையும் கூடும், பெல்லட்டும் அதிகம் செலவாகும். வீட்டின் வெப்ப இழப்பை முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். சூட்டைத் தேக்கி வைக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் மட்டும் கொட்டுங்கள். ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கங்கு இருக்கும்.